யார் பணத்தில் இந்தச் செய்தி? தேர்தல் காலத்து ஊடகங்களும் வாக்காளரின் உரிமையும்

2024 ஜூன் 1ஆம் தேதி மாலை 6.30 மணிக்கு எக்ஸிட் போல் வெளியிடுவதற்கான தடை முடிந்தது. அடுத்த சில நிமிடங்களில் பெரும்பாலான செய்தி அலைவரிசைகளில் ஒரே தீர்ப்பு: தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல். சில கணிப்புகள் 400ஐயும் தொட்டன. ஜூன் 3 திங்கட்கிழமை சென்செக்ஸ் 2,500 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணியபோது 4,389 புள்ளிகள் சரிந்தது. முடிவில் பாஜகவுக்குக் கிடைத்தவை 240 இடங்கள், கூட்டணிக்கு 293. தமிழ்நாட்டில் பாஜக அணி சில தொகுதிகளைப் பிடிக்கும் என்று பல கணிப்புகள் சொல்லியிருந்தன. திமுக அணி 39 தொகுதிகளையும் வென்றது. கணிப்பு நிறுவனம் ஒன்றின் தலைவர் நேரலையிலேயே கண்ணீர் விட்டார்.

கணிப்பு பொய்த்துப்போவது குற்றமில்லை. 2004இல் 'இந்தியா ஒளிர்கிறது' பிரசாரத்தின்போதும் கணிப்புகள் பொய்த்தன. எத்தனை பேரிடம் கேட்டார்கள், எந்தத் தொகுதிகளில் கேட்டார்கள், செலவு யாருடையது என்ற மூன்று கேள்விகளுக்கும் திரையில் தெளிவாகப் பதில் சொன்னவர்கள் மிகச் சிலர் என்பதுதான் குறை. எண்கள் மட்டும் பெரிதாக ஒளிர்ந்தன. அவற்றை நம்பிப் பங்கு வாங்கிப் பணத்தை இழந்தவருக்குப் பதில் சொல்லும் கடமை எவருக்கும் இருக்கவில்லை.

வாக்காளர் என்ற முறையில் எனக்கு இதில் கோபம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் "ஊடகங்கள் விலைபோய்விட்டன" என்று டீக்கடையில் அலுத்துக்கொள்வதோடு அந்தக் கோபம் தீர்ந்துவிடக் கூடாது. யாருக்கு எந்த ஊடகம் சொந்தம், பணம் எங்கிருந்து வருகிறது, எந்தச் செய்தி மறைகிறது, கண்காணிக்க வேண்டியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது இதுதான்: ஒரு ஊடகத்துக்குச் சார்பு இருப்பதை ஜனநாயகம் தாங்கும். அந்தச் சார்பை மறைத்து, நடுநிலை என்ற பெயரில் விற்பதைத் தாங்காது.

நிறம் தெரிந்த ஏடுகள், நிறம் தெரியாத திரைகள்

தமிழ் வாசகருக்குச் சார்புள்ள பத்திரிகை புதிதல்ல. 'விடுதலை'யைக் கையில் எடுத்தவருக்கு அது பெரியாரின் ஏடு என்று தெரியும். கருணாநிதியின் 'முரசொலி', பொதுவுடைமைக் கட்சியின் 'ஜனசக்தி', மார்க்சிஸ்ட் கட்சியின் 'தீக்கதிர்', அதிமுகவின் 'நமது எம்ஜிஆர்' எல்லாம் முகப்பிலேயே தங்கள் நிறத்தைக் காட்டிக்கொண்டவை. படிப்பகத்தில் எதிரெதிர் ஏடுகளை அடுத்தடுத்துப் புரட்டி, இருவர் சொல்வதையும் எடைபோட்டுப் பேசுகிற அரசியல் பழக்கம் அப்படித்தான் இங்கே வளர்ந்தது.

தொலைக்காட்சி வந்ததும் கணக்கு மாறியது. 1993இல் சன், 1999இல் ஜெயா, 2006இல் பாமகவின் மக்கள், 2007இல் கலைஞர், 2010இல் தேமுதிகவின் கேப்டன், 2018இல் அதிமுக ஆதரவு நியூஸ் ஜெ என்று கட்சிக்கொரு அலைவரிசை வந்தது. 2006 தேர்தலில் இலவச வண்ணத் தொலைக்காட்சி என்ற வாக்குறுதியே வெற்றிக்கு உதவியது. வீட்டுக்குள் பெட்டியும் அரசியலின் வழியாக வந்தது. பெட்டிக்குள் வந்த செய்தியும் அரசியலின் வழியாகவே வந்தது.

இந்த நெருக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2007 மே 9 சாட்சி. கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பை அவருடைய உறவினர்களின் 'தினகரன்' வெளியிட்டது. அன்றே அதன் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டுத் தீவைக்கப்பட்டது. மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரணை நீதிமன்றம் 2009இல் விடுவித்தது. 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கட்சியும் ஊடகமும் ஒரே குடும்பத்துக்குள் இருந்ததால், வேலைக்கு வந்த மூன்று பேர் உயிரை விட்டார்கள். அந்தக் குடும்பப் பிளவையொட்டி அதே ஆண்டு உருவான அரசு கேபிள் நிறுவனம், உறவு சரியானதும் முடங்கிக் கிடந்தது. 2011இல் ஜெயலலிதா அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். எந்த அலைவரிசை எத்தனையாவது எண்ணில் தெரியும் என்ற அதிகாரம் அதன்பின் ஆளுங்கட்சியின் கைக்கு வந்தது. 2018இல் கோவையில் நடந்த விவாத நிகழ்ச்சிக்காகப் 'புதிய தலைமுறை' மீது வழக்குப் பதிவானபோது, அரசு கேபிளில் அந்த அலைவரிசை பின்னுக்குத் தள்ளப்பட்டதாகவும் புகார் எழுந்தது.

கட்சி அலைவரிசைகளையாவது அடையாளம் காணலாம். கொடி தெரியாத செய்தி அலைவரிசைகளின் உரிமையாளர்கள் கல்லூரி, சுரங்கம், கட்டுமானம் எனப் பல தொழில்களில் இருப்பவர்கள். அந்தத் தொழில் ஒவ்வொன்றுக்கும் அரசின் அனுமதி வேண்டும். புதிய தலைமுறையை நடத்தும் எஸ்.ஆர்.எம். குழுமத்தின் நிறுவனர் பாரிவேந்தர், 2019இல் பெரம்பலூரில் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றார். 2024இல் அதே தொகுதியில் தாமரைச் சின்னத்தில் நின்று தோற்றார். இதை வைத்து அந்த அலைவரிசையின் செய்திகள் திரிந்தவை என்று சொல்ல மாட்டேன். அங்கே நேர்மையாக உழைத்த செய்தியாளர்கள் பலர். ஆனால் தேர்தல் செய்தி ஓடும்போது உரிமையாளரும் வேட்பாளர் என்ற தகவல் பார்வையாளருக்குத் திரையிலேயே தெரிய வேண்டும் என்று கேட்பேன்.

தில்லியிலும் இதே நிலைதான், அளவு மட்டும் பெரிது. 2014இல் நெட்வொர்க்18 குழுமம் ரிலையன்ஸ் வசமானது. 2022 இறுதியில் என்டிடிவி அதானி குழுமத்தின் கைக்குப் போனது. அந்த நாட்களில் அதன் மூத்த நெறியாளர் ரவீஷ் குமார் விலகினார். அரசியல் கட்சிகளும் அரசுகளும் ஒலிபரப்பில் இறங்கக் கூடாது, பெருநிறுவனங்களின் ஊடக உரிமைக்கு வரம்பு வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. அதற்குப் பிறகு இரண்டு மக்களவைத் தேர்தல்கள் நடந்து முடிந்தன. பரிந்துரை சட்டமாகவில்லை. ஆளுங்கட்சிக்கும் அதில் அவசரம் இல்லை; சொந்த அலைவரிசை வைத்திருக்கும் எதிர்க்கட்சிகளுக்கும் இல்லை.

விளம்பரமும் 'பேக்கேஜும்'

பத்திரிகை விலை அச்சிடும் செலவுக்கே போதாது. இலவசமாகக் கிடைக்கும் செய்தி அலைவரிசைக்குச் சந்தா வருமானம் சொற்பம். மிச்சத்தை விளம்பரம்தான் ஈடுகட்டுகிறது. அந்த விளம்பரதாரர்களில் மத்திய, மாநில அரசுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அரசைக் கடிந்து எழுதிய நாளிதழுக்கு விளம்பரம் குறைவது எழுதப்படாத தண்டனை. மூன்று முக்கிய ஆங்கில நாளிதழ்க் குழுமங்களுக்கு மத்திய அரசு விளம்பரம் நிறுத்தப்பட்டதாக 2019இல் நாடாளுமன்றத்திலேயே குற்றச்சாட்டு எழுந்தது. வரிப்பணத்தில் தலைவர்களின் முகம் போடுவதற்கு உச்ச நீதிமன்றம் 2015 மே மாதம் வரம்பு விதித்தது. குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி படங்களுக்கு மட்டுமே அனுமதி என்றது. மறு ஆண்டே முதல்வர்களுக்கும் அமைச்சர்களுக்கும் அந்த அனுமதி விரிந்தது. தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய வாரங்களில் எந்த மாநிலத்து நாளிதழை எடுத்தாலும் முழுப்பக்கச் 'சாதனை' விளம்பரம் வரிசைகட்டி நிற்கும். அதைக் கொடுக்காத கட்சி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னும் மோசமானது, விளம்பரம் என்றே சொல்லாமல் வரும் விளம்பரம். 2009 தேர்தல்களில் மகாராஷ்டிரத்தின் போட்டி நாளிதழ்கள், அன்றைய முதல்வர் அசோக் சவானைப் புகழ்ந்து ஒரே கட்டுரையை எழுத்து மாறாமல் வெவ்வேறு நிருபர்களின் பெயரில் வெளியிட்டதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் அம்பலப்படுத்தினார். சவான் தன் தேர்தல் செலவுக் கணக்கில் பத்திரிகை விளம்பரத்துக்குக் காட்டியிருந்த தொகை 5,379 ரூபாய். இதற்காக அவருக்குத் தேர்தல் ஆணையம் 2014இல் அனுப்பிய நோட்டீஸைத் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இத்தகைய செய்திகளை ஆராயப் பத்திரிகை கவுன்சில் பரஞ்சய் குஹா தாக்குர்தா, கே. ஸ்ரீனிவாஸ் ரெட்டி இருவரையும் கொண்ட துணைக்குழுவை அமைத்தது. ஊடகங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட அவர்களுடைய அறிக்கையை 2010இல் கவுன்சிலே முழுதாக வெளியிடத் தயங்கியது; தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகுதான் 2011இல் அது பொதுவெளிக்கு வந்தது. அதே 2011இல் உத்தரப் பிரதேச சட்டமன்ற உறுப்பினர் உம்லேஷ் யாதவ், காசு கொடுத்து வாங்கிய செய்தியின் செலவைக் கணக்கில் காட்டாததற்காக மூன்றாண்டுகள் தகுதி இழந்தார். நாட்டில் இப்படி நடந்தது அதுவே முதல் முறை.

மாவட்ட அளவில் இது எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்த்தால்தான் புரியும். தாலுகா நிருபர் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை, அல்லது பெயரளவுக்கு உண்டு. கையில் அடையாள அட்டை இருக்கும். தீபாவளி மலருக்கும் ஆண்டு விழா மலருக்கும் விளம்பர டார்கெட் இருக்கும். கமிஷன்தான் வருமானம். வேட்பாளர் கூட்டும் செய்தியாளர் சந்திப்பில் அறிக்கையோடு 'கவர்' வரும். தேர்தல் நெருங்கினால் வேட்பாளர் தரப்போடு விளம்பரப் பிரிவே நேரடியாகப் 'பேக்கேஜ்' பேசும்: வேட்புமனு நாளுக்கு இத்தனை பத்தி, இறுதிக்கட்டப் பிரசாரத்துக்குப் படத்தோடு கால் பக்கம் என்று. பணம் கொடுக்க வழியில்லாத சுயேச்சையோ சிறு கட்சி வேட்பாளரோ அந்தப் பதினைந்து நாளும் செய்தியில் பிறக்கவே மாட்டார். இதில் கவர் வாங்கிய நிருபரை மட்டும் திட்டுவது எளிது. அவருக்குச் சம்பளம் கொடுக்காமல் அடையாள அட்டை மட்டும் கொடுத்த முதலாளியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் 95 லட்ச ரூபாய்தான் செலவிடலாம் என்பது வரம்பு. பேக்கேஜ் பணம் கறுப்பில் கைமாறும்போது அந்த வரம்பும் பொய்யாகிறது.

காட்டுவதும் காட்டாததும்

நேரடிப் பொய்யைவிட அளவு வித்தியாசம்தான் தேர்தலில் அதிகம் வேலை செய்கிறது. 2014இல் ஐந்து முன்னணி ஆங்கில, இந்தி அலைவரிசைகளின் முதன்மை நேரத்தை சிஎம்எஸ் நிறுவனம் அளந்தபோது, அரசியல் செய்தி நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நரேந்திர மோடிக்குப் போயிருந்தது. கேஜ்ரிவாலுக்குப் பத்து சதவீதம், ராகுல் காந்திக்கு ஐந்துக்கும் குறைவு. அன்று மோடி ஆளுங்கட்சித் தலைவர்கூட இல்லை. எதிர்க்கட்சித் தலைவர் ஒருவருக்கு இவ்வளவு இடம் கிடைத்தது அதற்குமுன் அபூர்வம். அதே அலைவரிசைகள் 2024இல் எதிர்க்கட்சிகளை எப்படி நடத்தின என்பதையும் பார்த்தோம்.

ஒரே பொதுக்கூட்டத்தின் படத்தை இரண்டு நாளிதழ்களில் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மேடையை ஒட்டி, தலைமட்டத்தில் நின்று எடுத்தால் மக்கள் கடல். மைதானத்தின் பின்கோடியில், மாடியில் ஏறி எடுத்தால் காலி நாற்காலிகள். இரண்டுமே உண்மைப் படங்கள். எந்தப் படத்தை எந்தப் பக்கத்தில் போடுவது என்று ஆசிரியர் மேசை முடிவு செய்யும் கணத்தில் வாசகரின் முடிவும் பாதி எழுதப்பட்டுவிடுகிறது.

இரவு எட்டு மணி விவாதமும் அப்படித்தான். ஆறு கட்டத்துக்குள் ஆறு முகங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்த, நெறியாளர் மூன்றாவதாகக் கத்துவார். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக மிஞ்சும் நேரத்தில் திருப்பூர் பின்னலாடைத் தொழிலின் மின்கட்டணமோ, நாகை மீனவர் கைதோ, மேகதாது அணையோ முழுதாகப் பேசப்படுவதில்லை. தற்போதைய எம்.பி. மக்களவைக்கு எத்தனை நாள் வந்தார், என்ன கேள்விகள் கேட்டார் என்பது பொதுவெளியில் கிடைக்கும் தகவல். வேட்பாளரின் சொத்தும் வழக்குகளும் படிவம் 26இல், ஆணையத்தின் இணையதளத்தில் உள்ளன. ஒரு தொகுதிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். அந்த ஐந்து நிமிடம்தான் கிடைப்பதில்லை.

ஏழு கட்டத் தேர்தல் இன்னொரு ஓட்டையைத் திறக்கிறது. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் கூடாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆவது பிரிவு. 2024 ஏப்ரல் 19க்கு முன்பு தமிழ்நாட்டில் ஒலிபெருக்கிகள் ஓய்ந்தன. ஆனால் பிற மாநிலத்து மேடைகள் நம் வீட்டுத் திரையில் நேரலையாக ஓடின. மே 30 முதல் ஜூன் 1 வரை பிரதமர் கன்னியாகுமரி விவேகானந்தர் பாறையில் தியானம் செய்த காட்சிகள் நாடெங்கும் ஒளிபரப்பாயின. ஜூன் 1 அவருடைய வாராணசித் தொகுதிக்கு வாக்குப்பதிவு நாள். தியானம் அவருடைய தனியுரிமை. அதை அந்த இரண்டு நாட்களில் ஓயாமல் காட்டியது ஊடகங்களின் தேர்வு.

கேட்க வேண்டியதைக் கேட்காததும் சார்புதான். ஏப்ரல் 19இல் நடந்த முதல் கட்டத்தின் இறுதி வாக்கு சதவீதத்தை ஆணையம் ஏப்ரல் 30இல் தான் வெளியிட்டது. பதிவான வாக்குகளின் எண்ணிக்கை மே 25இல் தான் வந்தது. ஏன் தாமதம், வாக்குச்சாவடிவாரியாகப் பதிவான வாக்குகளைச் சொல்லும் படிவம் 17சி எங்கே என்ற கேள்வியைச் சில நாளிதழ்களும் இணைய ஏடுகளும் குடிமக்கள் அமைப்புகளும்தான் விடாமல் கேட்டன.

பொதுமக்களின் ஒலிபரப்பு

அலைக்கற்றை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. தூர்தர்ஷனையும் வானொலியையும் அரசின் பிடியிலிருந்து விடுவிக்க 1990இல் நிறைவேறிய பிரசார் பாரதி சட்டம் 1997இல் நடைமுறைக்கு வந்தது. நியமனமும் நிதியும் இன்றும் அரசின் கையில்தான். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத் தூர்தர்ஷனிலும் வானொலியிலும் இலவச நேரம் தரும் நல்ல வழக்கம் 1977இலிருந்து உண்டு. பணமில்லாத கட்சிக்கும் நாடு முழுக்கப் பேச அது வழி செய்தது. 2024இல் அந்த நேரத்தில் பேசிய மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் சீதாராம் யெச்சூரியின் உரையிலிருந்தும் பார்வர்ட் பிளாக் தலைவர் ஜி. தேவராஜனின் உரையிலிருந்தும் சில சொற்களை நீக்கச் சொன்னார்கள். 'முஸ்லிம்' என்ற சொல்லும் அதில் ஒன்று. மக்கள் பணத்தில் நடக்கும் நிறுவனம், ஒரு கட்சி தன் வாக்காளரிடம் எந்தச் சொல்லால் பேசலாம் என்று முடிவு செய்தது. இதை நான் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கைபேசிக்குள் தேர்தல்

தொலைக்காட்சி மீது நம்பிக்கை இழந்தவர்கள் யூடியூபுக்குப் போனார்கள். அங்கே தொகுதி தொகுதியாகப் போய்ப் பேசிய நல்ல செய்தியாளர்கள் கிடைத்தார்கள் என்பது உண்மை. அதே இடத்தில், பணம் தருபவர் யார் என்று சொல்லாமல் ஒரு கட்சிக்காக நாள்தோறும் பேசுபவர்களும் பெருகிவிட்டார்கள். நடுநிலை வேடம் அங்கே இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. 2024 ஜனவரியில் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு கருணாநிதி ஒரு நூல் வெளியீட்டு விழாவின் திரையில் தோன்றிப் பேசினார். பிப்ரவரியில் ஜெயலலிதாவின் குரல் வந்தது. இவை வெளிப்படையாகச் செய்யப்பட்டவை. சொல்லாமல் செய்தால், வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவில் வாட்ஸ்அப்பில் வரும் குரல் யாருடையது என்று எந்த வாக்காளர் கண்டுபிடிப்பார்?

காவலுக்கு இருப்பவர்கள்

பத்திரிகை கவுன்சிலால் கண்டிக்கவும் எச்சரிக்கவும் மட்டுமே முடியும். தண்டிக்கும் அதிகாரம் இல்லை, தொலைக்காட்சி அதன் எல்லைக்குள்ளேயே வராது. செய்தி அலைவரிசைகள் தாங்களே அமைத்துக்கொண்ட தரநிலை அமைப்பு அதிகபட்சமாக ஒரு லட்ச ரூபாய் அபராதம் விதிக்கும். அது போதாது என்று உச்ச நீதிமன்றமே 2023இல் சொன்னது. செய்தி அலைவரிசைகளின் சங்கத்தில் சேராத அலைவரிசையை அதுவும் தொடாது. தேர்தல் ஆணையத்தின் மாவட்ட ஊடகக் கண்காணிப்புக் குழு, காசு வாங்கிய செய்தி என்று முடிவு செய்தால் அதன் மதிப்பை வேட்பாளரின் கணக்கில் சேர்க்கலாம். வெளியிட்ட ஊடகத்தை ஆணையத்தால் நேரடியாகத் தண்டிக்க முடியாது. இதைத் தேர்தல் குற்றமாக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015 மார்ச்சில் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அதுவும் கிடப்பில்தான் இருக்கிறது. எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பின் 2024 பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 180 நாடுகளில் இந்தியாவுக்கு 159ஆம் இடம். பட்டியலின் அளவுகோலைக் குறைசொல்லலாம். மேலே சொன்ன ஓட்டைகளை மறுக்க முடியாது.

இத்தனைக்குப் பிறகும் மக்கள் தாங்கள் நினைத்தபடிதானே வாக்களிக்கிறார்கள், 1977இலும் 2004இலும் 2024இலும் ஊடகம் சொன்னதைக் கேட்டா வாக்களித்தார்கள் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். வாக்காளரின் சுயபுத்தி மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் முடிவு எப்படி அமைந்தது என்பதை மட்டும் வைத்து ஒரு தேர்தலை அளக்கக் கூடாது. எந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் வேட்பாளர் வென்றார் என்பதும் அளவுகோல். பதில் சொல்லத் தேவையில்லாமல் நாடாளுமன்றத்துக்குப் போனவர், ஐந்தாண்டும் பதில் சொல்ல மாட்டார்.

என்ன கேட்க வேண்டும்?

எல்லா ஊடகமும் நடுநிலையாகிவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதைச் சட்டத்தால் கொண்டுவரவும் முடியாது. அரசு கையில் அந்த அதிகாரத்தைக் கொடுத்தால் அது தணிக்கையில் முடியும் என்பதை நெருக்கடி நிலை காட்டிவிட்டது. நான் கேட்பது வெளிப்படைத்தன்மை.

முதலாவது, உரிமையாளர் விவரம். 1956ஆம் ஆண்டு விதிகளின்படி பத்திரிகைகள் ஆண்டுதோறும் படிவம் 4இல் உரிமையாளரையும், ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்களையும் அச்சிட்டுவந்தன. தொலைக்காட்சியும் பெரிய யூடியூப் அலைவரிசைகளும் அதைத் தமிழில், திரையில் காட்டட்டும்; உரிமையாளரோ குடும்பத்தினரோ வேட்பாளர் என்றால் அந்தத் தேர்தல் முழுக்கக் காட்டட்டும். இரண்டாவது, மத்திய, மாநில அரசுகள் எந்த ஊடகத்துக்கு எவ்வளவு விளம்பரம் தந்தன என்பதை மாதந்தோறும் வெளியிட வேண்டும். மூன்றாவது, காசு வாங்கிய செய்தியைக் கொடுத்தவருக்கும் வெளியிட்டவருக்கும் குற்றமாக்கும் சட்டம். கண்காணிப்புக் குழுக்களின் முடிவுகள் வாக்குப்பதிவுக்கு முன்பே அந்தந்தத் தொகுதி மக்களுக்குத் தெரிய வேண்டும். நான்காவது, மாதிரி அளவும் முறையும் செலவு செய்தவர் பெயரும் சொல்லாத கணிப்பு வெளிவரக் கூடாது. ஐந்தாவது, பிரசார் பாரதிக்கு நாடாளுமன்றத்துக்கு மட்டும் பதில் சொல்லும் நிர்வாகமும் நிதியும்.

இவற்றில் எதற்கும் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. பெரும்பாலானவை ஏற்கெனவே எழுதி வைத்த பரிந்துரைகள். அவற்றை நிறைவேற்ற வேண்டியவர்கள், இருக்கும் நிலையால் ஆதாயம் பெறுபவர்கள் என்பதால்தான் நகரவில்லை. ஆகவே அழுத்தம் வாக்காளரிடமிருந்து வர வேண்டும். செய்தி போல வந்த விளம்பரத்தைப் பார்த்தால் படமெடுத்து மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் மீது என்ன செய்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கேள்வி கேட்கும் ஏட்டுக்குச் சந்தா கட்டுங்கள். நம் பணத்தில் நடக்கும் ஏடு நம்மிடம்தான் பதில் சொல்லும். வாக்கு கேட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்த ஐந்தில் எதற்கு நாடாளுமன்றத்தில் கை தூக்குவீர்கள் என்று கேளுங்கள். அடுத்த மக்களவைத் தேர்தல் 2029இல். அதற்குள் இவற்றில் குறைந்தது இரண்டேனும் சட்டமாக வேண்டும் என்பது ஒரு குடிமகனின் பேராசை இல்லை. 2024இல் வாக்களித்த 64 கோடிப் பேருக்கு இந்த நாடு பட்டிருக்கும் கடன்.